மூணாம் ஸ்லைடைத் தாண்டியவர் இல்லை

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த அறைக்குள் நுழைகிற இருபது பேரில் ஒருவர் பேச வருவார். மீதிப் பத்தொன்பது பேரும் அவரைப் பேசவிடாமல் செய்ய வருவார்கள். பொருளாதாரத் துறையின் ஆய்வுக் கருத்தரங்கு என்று இதற்குப் பெயர். மாடியில் இருக்கும் வேதியியல்காரர்கள், பேச்சாளர் முடிக்கும்வரை காத்திருந்து, கை தட்டி, அதன்பிறகு கை தூக்கிக் கேள்வி கேட்பார்களாம். இங்கே அந்தக் கோழைத்தனம் கிடையாது. பேச்சாளர் தொண்டையைச் செருமினால், இந்தச் செருமலுக்கு என்ன அனுமானம் என்று கேட்காத குறைதான்.

அறையும் அதற்குத் தோதானது. நீள மேசை. ஒரு முனையில் திரை, மறுமுனையில் துறைத் தலைவரின் சுழல் நாற்காலி. ஜன்னல்களில் வெளிச்சம் வராதபடி கனத்த துணி. இரண்டு ஏசிகளில் ஒன்று குளிரைத் தரும், மற்றது சத்தத்தைத் தரும். தலைவரின் தலைக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவர் எழுதிய கட்டுரையின் முதல் பக்கம். அவருக்குப் பேரும் பதவியும் சுழல் நாற்காலியும் வாங்கிக் கொடுத்த 'ஐந்து நிபந்தனைத் தேற்றம்' அதில்தான் இருக்கிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து மாட்டியது. கண்ணாடியில் படிந்திருக்கும் தூசியைப் பார்த்தால், மாட்டிய நாளுக்குப் பிறகு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

தலைவருக்கு மூணாம் ஸ்லைடு என்று பட்டப்பெயர். அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் எந்தப் பேச்சாளரும் மூன்றாவது ஸ்லைடைத் தாண்டியதில்லை. முதல் ஸ்லைடில் தலைப்பு. அதில் ஒரு வார்த்தை அவருக்குப் பிடிக்காது. இரண்டாவதில் ஆய்வின் நோக்கம். யாருக்கு வேண்டும் இது என்பார். மூன்றாவதில் அனுமானங்கள். அங்கே சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு, "ஒரு உதாரணம் குடுங்க, பார்ப்போம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தவர்களில் கடல் தாண்டி விமானத்தில் வந்தவர்களும் உண்டு. நாற்பது ஸ்லைடோடு வந்த ஒருவர் மூன்றாவதிலேயே ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, மடிக்கணினியை மறந்து வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை அதைத் தேடி வரவில்லை.

தலைவருக்கு இடப்பக்கம் உட்காருபவர் இணைப்பேராசிரியர். எதிரொலி என்று சொன்னால்தான் மாணவர்களுக்கு ஆள் தெரியும். தலைவர் கேட்ட கேள்வியை இன்னொரு குரலில் கேட்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வலப்பக்கம் புள்ளியியல் பேராசிரியர், ஓய்வுக்கு நான்கு மாதம் பாக்கி. தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தூங்குவார். முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் விழித்து, "எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க?" என்பார். எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற கேள்வி.

இந்த மூவரும்தான் இந்தப் புதன்கிழமையின் தேர்வுக்குழு. அவர்கள் முன்னால் பேச வேண்டியவள் அவள்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: தற்காலிகம். ஏழு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து, புது வருடம் போட்ட பெயர்ச்சீட்டைப் அவள் அறைக் கதவில் இருக்கும் பழைய சீட்டின் மேலேயே ஒட்டிவிட்டுப் போவார். எட்டாவது சீட்டுக்கு விதியில் இடமில்லை. ஒன்று நிரந்தரம், இல்லையேல் வெளியே. நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. புதன்கிழமை கருத்தரங்கில் பேச வேண்டும். பரிந்துரைப் படிவத்தில் மூன்று கையெழுத்தும் விழ வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்குள் படிவம் பதிவாளர் அலுவலகப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறு துறைக்குப் போய்விடும்.

அவளுடைய ஆய்வு ஆம்புலன்ஸ் பற்றியது. இருக்கிற வண்டிகளை எந்த மருத்துவமனைக்கு எத்தனை என்று பிரித்து நிறுத்தினால், கூப்பிட்டவர் வீட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் என்ற கணக்கு. நான்கு வருடம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்தச் சந்தில் சிக்கியது என்று எழுதியிருந்தாள். வண்டிகளும் நிஜம், சந்துகளும் நிஜம். ஆனால் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. எதைப் பற்றி ஆராய்ந்தாலும் வாசல் மிதியடியில் கால் துடைக்கிற மாதிரி, முதலில் ஐந்து நிபந்தனைத் தேற்றத்தில் ஏறி இறங்க வேண்டும். 'ஐந்து நிபந்தனைகளுக்கும் உட்பட்ட எந்தச் சந்தையிலும் நியாயமான பங்கீடு ஒன்றே ஒன்று உண்டு, அதுவே சிறந்தது' என்பது தேற்றம். அவளும் ஏறி இறங்கியிருந்தாள்.

அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கெடுத்தது அவள் அக்கா.

அக்காவுக்கு வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் தொழில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அலுவலகம். சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சாவிகள். ஞாயிற்றுக்கிழமை தங்கை அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஸ்லைடில் தலைவர் உதாரணம் கேட்பார் என்பது தெரியும். ஐந்து நிபந்தனைக்கும் பொருந்துகிற ஒரு சின்னச் சந்தையைக் கையோடு கொண்டு போகலாம் என்று காலையிலிருந்து முயன்றாள். ஒன்று பொருந்தினால் இன்னொன்று நழுவியது. தனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்தாள்.

அப்போது அக்காவின் முன்னால் ஒரு வாடிக்கையாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நிபந்தனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தரைத்தளமா இருக்கணும்மா. முட்டி வலி, படி ஏற முடியாது."

"சரி சார்."

"நாலாவது மாடிக் காத்து வரணும்."

அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை. "அப்புறம்?"

"மெயின் ரோட்டுலயே இருக்கணும், பஸ் சத்தம் கேக்கக் கூடாது. வீட்டுக்காரர் அங்க குடியிருக்கக் கூடாது, கூப்பிட்டா உடனே வரணும். அப்படி ஒரு வீடு மட்டும் பிடிச்சுக் குடுங்க, பத்து வருஷத்துக்குக் காலி பண்ண மாட்டேன். சுவத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டேன்."

"இல்லாத வீட்டுல எத்தனை வருஷம் வேணா இருக்கலாம் சார்," என்றாள் அக்கா. "ஆணி அடிச்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க. தண்ணிகூட இருபத்துநாலு மணி நேரமும் வரும்."

மூலையில் பேனா நின்றது.

தங்கை ஒரு புதுத்தாளை எடுத்து, தலைவரின் ஐந்து நிபந்தனைகளையும் கிரேக்க எழுத்துகளைக் களைந்துவிட்டு, அக்காவிடம் சொல்கிற மாதிரி எழுதிப் பார்த்தாள். ஒன்றாவது: போதும் என்று யாருமே சொல்ல மாட்டார்கள், எவ்வளவு கொடுத்தாலும், மேலே ஒரு பிடி கொடுத்தால் மகிழ்ச்சி கூடும். நாலாவது: ஒவ்வொருவருக்கும் உச்ச மகிழ்ச்சி தருகிற ஓர் அளவு உண்டு, அதைத் தாண்டி மகிழ்ச்சி கிடையாது. மூலக் கட்டுரையில் இந்த நாலாவதில் பதினோரு குறியீடுகளும் ஓர் அடிக்குறிப்பும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் இவ்வளவுதான். தரைத்தளமும் வேண்டும், நாலாவது மாடியும் வேண்டும்.

வாடிக்கையாளர் போன பிறகு அக்காவிடம் சொன்னாள்.

"அப்ப அந்த ஆளோட தேற்றம் பொய்யா?"

"பொய் இல்லக்கா. உண்மைதான். ஆனா எதைப் பத்தியும் இல்ல."

"இருபத்திரண்டு வருஷமா யாரும் பார்க்கலையா?"

"தொள்ளாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க."

"பார்த்தாங்களான்னு கேட்டேன்." அக்கா சாவி ஒன்றைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். "சரி, உன் ஆம்புலன்ஸ்?"

ஆம்புலன்ஸ் கணக்கும் அந்த ஐந்தின் மேல்தான் நின்றது. திங்களும் செவ்வாயும் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டாள். நாலாவது நிபந்தனையைத் தூக்கிப் போட்டாலும் பங்கீடு நின்றது. ஆனால் 'ஒன்றே ஒன்று' என்ற அழகு போய்விட்டது. மூன்று நான்கு நல்ல வழிகள் இருந்தன, எதையும் தேர்ந்தெடுக்கலாம். அழகு குறைந்த, ஆனால் இருக்கிற ஒரு பதில். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நாலாவது நிபந்தனையை ஏன் தூக்கினாய் என்பதைச் சொல்ல வேண்டும்.

"வாயத் தொறந்து தொலைச்சிராதடி," என்றாள் அக்கா. "கையெழுத்து மூணும் விழட்டும். அப்புறம் நீ என்ன வேணா கண்டுபிடி. உண்மை எங்கயும் ஓடிப்போகாது, அந்த வேலை ஓடிப்போயிரும்."

அக்கா சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. மூன்றாவது ஸ்லைடில் ஐந்து நிபந்தனைகளும் இருந்தன, வழக்கப்படி. ஆனால் அவற்றின் மேல் இருந்த தலைவரின் பெயரை எடுத்துவிட்டாள். பெயரைப் பார்த்தால் அவர் தன் தேற்றத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பேசும்போது இவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பெயரைக் கடைசி ஸ்லைடில், ஆதாரப் பட்டியலில், எறும்பு அளவு எழுத்தில் போட்டாள். அந்த ஸ்லைடை இதுவரை எந்தப் பேச்சாளரும் அந்த அறையில் காட்டியதில்லை. பிறகு, 'சமூகப் பயன் கருதி, ஆய்வுகளை எளிய நடையில் வழங்குக' என்று தலைவரே கையெழுத்திட்டு அனுப்பிய சுற்றறிக்கைக்கு மதிப்புக் கொடுத்து, நிபந்தனைகளை எளிய நடையில் எழுதினாள். அந்தச் சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை பதினொன்று அடித்தது. முதல் ஸ்லைடு.

"தலைப்புல 'நியாயமான'ன்னு ஒரு வார்த்தை இருக்கு," என்றார் தலைவர். "யாருக்கு நியாயம்?"

"நோயாளிக்கு, சார்."

"டிரைவர் மனுஷன் இல்லையா?"

"டிரைவரை விட்டுட்டீங்களே," என்றார் எதிரொலி.

பத்து நிமிடம் டிரைவருக்குப் போயிற்று. புள்ளியியல் பேராசிரியரின் தாடை மார்பில் இறங்கியது. இரண்டாவது ஸ்லைடு.

"ஆம்புலன்ஸ் எல்லாம் பொருளாதாரமாம்மா? வழி தவறி வந்துட்டீங்களோன்னு பார்க்கறேன். போக்குவரத்துக் கழகத்துல கேட்டுப் பார்த்தீங்களா?"

"கழகத்துல ஆள் எடுக்கறாங்க," என்றார் எதிரொலி. பின்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்களின் பெயர் அடுத்த கருத்தரங்குப் பட்டியலில் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது ஸ்லைடு வந்தது. ஐந்து நிபந்தனைகள், ஐந்து எளிய வாக்கியங்கள். தலைவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார். அவள் ரிமோட்டை இறுகப் பிடித்திருந்தாள். இவர் தலையாட்டிவிட்டால் போதும், அடுத்ததற்குப் போய்விடலாம்.

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்தால் மதிய உணவு தள்ளிப்போகும் என்று பொருள்.

"யாரும்மா இதை எழுதினது?"

"ஏற்கனவே இருக்கறதுதான் சார்."

"எங்க இருக்கு? வாரப் பத்திரிகையிலயா?"

அறை சிரித்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் தன் நிபந்தனைகளைக் கிரேக்க எழுத்துகளின் கோட்டும் டையுமாகத்தான் பார்த்திருக்கிறார். வீட்டு உடுப்பில் எதிரே வந்து நிற்கும்போது அடையாளம் தெரியவில்லை.

"ஒரு உதாரணம் குடுங்க, பார்ப்போம்," என்று சாய்ந்துகொண்டார். "இந்த அஞ்சும் பொருந்தற மாதிரி ஒரே ஒரு சந்தை. பெருசா வேண்டாம். ரெண்டு ஆள், ஒரு மூட்டை அரிசி."

"குடுக்க முடியாது சார்."

"முடியாதா, தெரியாதா?"

"முடியாது."

"சொல்லத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்," என்றார் எதிரொலி.

தலைவர் எழுந்தார். கருத்தரங்கில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. கடைசியாக அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்தது தீயணைப்பு ஒத்திகையின்போது. வெள்ளைப் பலகைக்கு வந்தார். மூன்று மார்க்கர் எழுதவில்லை. நாலாவது, சிவப்பு, எழுதியது.

"ஒண்ணாவது என்ன சொல்லுது? ஒரு பிடி கூடக் குடுத்தா மகிழ்ச்சி கூடும். நாலாவது என்ன சொல்லுது? உச்சம்னு ஒரு அளவு உண்டு. சரி. அந்த உச்ச அளவை ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. இப்ப மேல ஒரு பிடி குடுங்க. மகிழ்ச்சி கூடுச்சா?"

"கூடுச்சு," என்றது பின்வரிசை.

"அப்ப முன்னாடி இருந்தது உச்சமா?"

"இல்ல."

"முடிஞ்சது. இந்த அஞ்சுக்கும் பொருந்தற சந்தை உலகத்துல எங்கயும் கிடையாது. வெற்றுக் கணம்." பெரிய சைபர் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து, சுற்றி இரண்டு வட்டம் போட்டார். "நாலு வருஷமா அம்மா ஆம்புலன்ஸ் ஓட்டியிருக்காங்க. ரோடே இல்லாத ஊர்ல."

"ரோடே இல்ல," என்றார் எதிரொலி.

இரண்டே வரி. ஞாயிற்றுக்கிழமை அவள் போட்ட அதே நிரூபணம். அவளுக்கு ஒரு பகல் பிடித்தது, அவருக்கு மூன்று நிமிடம். நல்ல கணிதக்காரர்தான் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. அடுத்தவருடையது என்று நினைத்துவிட்டால் எதையும் சரியாகப் பார்த்துவிடுகிறார்.

தலைவர் நாற்காலிக்குத் திரும்பி, படிவத்தை இழுத்து, பேனா மூடியைத் திறந்தார். "இப்படி அஞ்சு நிபந்தனை எழுதறவங்க முதல் வருஷப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கக்கூட லாயக்கில்லை. இதைக் குழுவோட கருத்தா எழுதிடறேன். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம்," என்றார் எதிரொலி.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததே அந்த வேலைக்காகத்தான். அந்த வேலை இதோ பேனா முனையில் போய்க்கொண்டிருந்தது.

"சார், கடைசி ஸ்லைடு ஒண்ணு மட்டும் காட்டிடறேன்."

"அதுல என்ன, நன்றியா?"

"ஆதாரப் பட்டியல்."

"காட்டுங்க காட்டுங்க. யாரெல்லாம் உங்களைக் கெடுத்தாங்கன்னு பார்ப்போம்."

அவள் அழுத்தினாள். இருபத்தேழு ஸ்லைடுகள் ஒரே தாவலில் பின்னால் போயின. திரையில் எறும்பெழுத்து. யாராலும் படிக்க முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து, வழக்கமான நேரத்துக்கு, புள்ளியியல் பேராசிரியர் விழித்தார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கண்களைச் சுருக்கிக்கொண்டு, அவருக்கே உரிய நிதானத்தில் உரக்கப் படித்தார்.

"மூன்றாம் ஸ்லைடின் ஐந்து நிபந்தனைகள். ஆதாரம்..." நின்றார். திரும்பித் தலைவரைப் பார்த்தார். "இது உங்க பேரு. கட்டுரை... வருஷம்... பக்கம் ஒண்ணு." பிறகு சுவரைப் பார்த்தார். "பக்கம் ஒண்ணுன்னா, இங்க மாட்டியிருக்கே, அதுவா?"

குளிர் தராத ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கிழவர் மேசையைச் சுற்றி நடந்து, தலைவரின் தலைக்கு மேலே கையை நீட்டி, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். தூசி தலைவரின் தோளில் விழுந்தது. கிழவர் ஒன்றாவதைப் படித்தார். நாலாவதை அடிக்குறிப்போடு படித்தார். பலகையில் இருந்த சிவப்புச் சைபரைப் பார்த்தார்.

"அதேதான்," என்றார். "இதை எத்தனை பேர் படிச்சாங்க?"

இருபது வருடத்தில் முதல்முறையாக அந்தக் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது.

அறையில் எல்லோரும் சட்டத்தைப் பார்த்தார்கள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான் பார்க்கவில்லை. எதிரொலியின் வாய் பாதி திறந்திருந்தது. ஆமோதிக்க வேண்டும், எதை என்று தெரியவில்லை.

"கருத்தரங்கு முடிஞ்சுது," என்றார் தலைவர்.

கிழவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, 'பரிந்துரைக்கிறேன்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஓய்வுக்கு நாலு மாதம் இருப்பவரின் கையெழுத்து தெளிவாக இருந்தது. எதிரொலி, "சார் போட்டதும் போடறேன்" என்றார்.

மூன்றே காலுக்குத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று படிவம். அதில் எதிரொலியின் கையெழுத்தும் விழுந்திருந்தது, பென்சிலில். மற்றது தட்டச்சு செய்த கடிதம்: 'மூன்றாம் ஸ்லைடில் நான் காட்டியவை துறைத் தலைவரின் நிபந்தனைகள் அல்ல. எளிமைப்படுத்தும்போது என்னால் நேர்ந்த பிழை.'

"நீங்க இதுல போடுங்க, நான் அதுல போடறேன்," என்றார். "அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சுது."

"பிழை இல்லையே சார்."

"எளிய நடைன்னு எழுதினா எல்லாம் பிழைதான்."

"நீங்கதான் சார் சுற்றறிக்கை அனுப்பினீங்க."

"அதையெல்லாம் யாரும்மா படிக்கறாங்க?" என்றார் அவர், உண்மையான எரிச்சலோடு. "இங்க பாருங்க. உங்களைப் பிடிக்கலைன்னு இல்ல. நீங்க யாருன்னே இன்னிக்குக் காலையிலதான் சரியாப் பார்த்தேன். அந்தக் கட்டுரையை வச்சு முப்பது பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்காங்க. முப்பது குடும்பம் சாப்பிடுது. உங்களுக்கும் ஒரு இலை போடறேங்கறேன். உக்காருங்கன்னா உக்கார வேண்டியதுதானே?"

அவர் உட்காரச் சொல்லியிருக்கவில்லை. இருந்தாலும் அவள் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். ஏழு பெயர்ச்சீட்டுகள் நினைவுக்கு வந்தன. அக்காவின் குரல் வந்தது. பேனா கடிதத்தின் கீழ்க்கோடு வரை போனது. போட்டுவிட்டால் முப்பத்தொன்றாவது குடும்பம். நாளைக்கு யாராவது மாணவி வந்து, ஐந்து நிபந்தனையில் ஏறி இறங்கி, உதாரணம் கிடைக்கவில்லை மேடம், எனக்கு மூளை மழுங்கிவிட்டதா என்று கேட்பாள். அப்போது காலையில் அவர் சிரித்த சிரிப்பைத் தானும் சிரிக்க வேண்டியிருக்கும்.

"ஒரு உதாரணம் குடுங்க சார்," என்றாள்.

"என்னது?"

"ஒரே ஒரு சந்தை. உங்க கட்டுரையில இருக்கற மாதிரியே, கிரேக்க எழுத்தோடயே. அஞ்சும் பொருந்தணும். பொருந்திச்சுன்னா பிழை என்னோடதுதான். இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"எனக்கே பாடமா?"

"காலையில நீங்க நடத்தின பாடம்தான் சார்."

வெளியே போ என்று அவர் சொல்லியிருக்கலாம். படிவத்தைக் கிழித்திருக்கலாம். ஆனால் அந்தச் சவாலை இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் மேல் வீசியவருக்கு, அது தன் மேல் வரும்போது குனியத் தெரியவில்லை. "அஞ்சு நிமிஷம்," என்று வெள்ளைத்தாளை இழுத்தார்.

முதல் தாளில் இரண்டு ஆள், ஒரு மூட்டை அரிசி. அடித்தார். இரண்டாவதில் ஆள் ஒருவராகக் குறைந்தார். மூன்றாவதில் அரிசி போய், உப்பு வந்தது. நாலே முக்கால் மணிக்கு, மேசையில் ஏழு தாள்; ஆளும் இல்லை, அரிசியும் இல்லை, குறியீடுகள் மட்டும். கழுத்துப் பொத்தானைக் கழற்றியிருந்தார். தோளில் காலையில் விழுந்த தூசி அப்படியே இருந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதிவாளர் அலுவலக எழுத்தர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "சார், ஃபாரம்."

"ஒரு நிமிஷம்," என்றார் தலைவர், நிமிராமல்.

எழுத்தர் அவளைப் பார்த்தார். "நீங்க போடவேண்டியது போட்டாச்சாம்மா? அஞ்சுக்குப் பெட்டியைப் பூட்டிருவேன். அப்புறம் யார் சொன்னாலும் திறக்க மாட்டேன்."

கடிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேனா இன்னும் விரலுக்குள்ளேயே இருந்தது. எதிரே ஒரு மனிதர் தரைத்தளத்தில் நாலாவது மாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான்.

"பூட்டிருங்க," என்றாள்.

எழுத்தர் போனார். தலைவருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எட்டாவது தாளை எடுத்தார். அவள் பேனாவை மூடி, கடிதத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

தன் அறைக் கதவில் இருந்த பெயர்ச்சீட்டை நகத்தால் நெம்பினாள். ஏழும் ஒன்றாக, அட்டை மாதிரி, ஒரே துண்டாக உரிந்து வந்தன. கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அக்காவின் அலுவலகத்துக்குப் போனபோது, வாசலிலேயே முகத்தைப் படித்துவிட்டாள் அக்கா.

"வாயத் தொறந்துட்டியா?"

"முதல்ல தொறந்தது நான் இல்லக்கா. அவரு."

"வேலை?"

"பூட்டிட்டாங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு எடுத்த மூச்சை, உள்ளே ஆள் இருந்ததால், பாதியில் நிறுத்திக்கொண்டாள். உள்ளே இருந்தது அதே ஓய்வு பெற்ற வங்கிக்காரர். மூன்று வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார், மூன்றிலும் குறை. "தரைத்தளம்னா புழுக்கமா இருக்கு. காத்து வர்ற இடத்துக்கு அறுபது படி. நீங்க சரியாத் தேடலை," என்று அக்காவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீயே பேசு," என்று அக்கா தங்கை பக்கம் நாற்காலியைத் தள்ளினாள். "எனக்கு இன்னிக்கு ரெண்டு பேரைத் திட்ட முடியாது."

அவள் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை அக்கா எழுதி வைத்த அவருடைய நிபந்தனைச் சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"சார், முதல் ரெண்டு நிபந்தனையும் ஒரே வீட்டுல இருக்காது. நாங்க தேடாததால இல்ல. இருக்க முடியாது. எதை விடறீங்க?"

அவர் கோபமாகப் பார்த்தார். முட்டியைத் தடவினார். தெருவைப் பார்த்தார்.

"காத்தை விட்டுடறேன்," என்றார். "ஃபேன் போட்டுக்கறேன்."

நாலு விநாடி ஆகியிருக்கும். அக்கா ஆணியிலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள்.

"நீங்க இங்க புதுசா?" என்று கேட்டார் வங்கிக்காரர், எழுந்துகொண்டே. "நிரந்தரமா இருப்பீங்களா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள்.

"அவ எதை விடறாங்கறதைப் பொறுத்து," என்றாள் அக்கா. "வாங்க சார், வீட்டைக் காட்டறேன்."